பறவைப் படத்தில் மணல் விழுவது ஏன்?

பறவையைக் கண்டு மகிழாத மனம் உண்டோ? காலையில் ஜன்னலோரத்து முருங்கைக் கிளையில் ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தால், கையிலிருக்கும் வேலையை மறந்து நின்றுவிடுகிறோம். இக்காலத்தில் நிற்பதோடு விடுவதில்லை. அம்மாவின் கைப்பேசியைத் தேடி ஓடுகிறோம். படமும் எடுக்கிறோம். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால் என்ன தெரிகிறது? தேன்சிட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. அதைச் சுற்றிலும் யாரோ மணலை அள்ளித் தூவியதுபோல் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நுண்ணிய புள்ளிகள்!

இந்த மணலுக்குப் புகைப்படக் கலைஞர்கள் இட்டிருக்கும் பெயர் 'நாய்ஸ்'. இரைச்சல் என்பது அதன் பொருள். கண்ணால் பார்க்கும் படத்தில் காதுக்குரிய இரைச்சல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வானொலியில் தொலைதூர நிலையம் ஒன்றைப் பிடிக்கும்போது பாட்டின் ஊடே 'கர்ர்' என்று ஓர் ஓசை கேட்குமல்லவா? அதுபோலப் படத்தின் ஊடே வந்து சேரும் வேண்டாத கலப்பு இது. ஆகவே இக்கட்டுரையில் நாமும் இதை இரைச்சல் என்றே அழைப்போம்.

விலை உயர்ந்த காமிரா வாங்கினால் இரைச்சல் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். நல்ல காமிராவினால் ஓரளவு பயன் உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய காமிராக்களில் எடுக்கும் பறவைப் படத்தில் தெரியும் இரைச்சலில் பெரும்பகுதி காமிராவில் பிறப்பதே இல்லை. அது வெளிச்சத்தோடு கூடவே வருகிறது. இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால், எந்தக் காமிராவை வைத்துக்கொண்டும் இன்றைக்கு எடுப்பதைவிட நல்ல படம் எடுக்கலாம்.

ஒளி என்பது குழாயிலிருந்து விழும் தாரைபோல் இடைவிடாமல் வருவதன்று. மழைபோல் துளித் துளியாக வருவது. 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் இக்கருத்தைக் கொண்டுதான் ஒளிமின் விளைவை விளக்கினார். 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அந்த விளக்கத்திற்காகவே; சார்புக் கொள்கைக்காக அன்று. (பொது அறிவுப் போட்டிக்குத் தயாராகும் மாணவியர் இதைக் குறித்துக்கொள்க!) ஒளியின் இந்தத் துளிகளை ஃபோட்டான் என்கிறோம். பழைய காமிராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இன்றைய காமிராவில் ஓர் உணர்தகடு இருக்கிறது. அதை 'சென்சார்' என்பர். அத்தகட்டில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள். ஒரு குழியில் விழுகின்ற ஃபோட்டான்கள் எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகின்றன. அவற்றை எண்ணித்தான் காமிரா படத்தை உருவாக்குகிறது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் சிமித் என்னும் இருவர் இத்தகைய தகட்டிற்கு முதன்முதல் வழிகாட்டினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி மழைக்கு வருவோம். தூறல் விழும் நேரத்தில் முற்றத்தில் இருபது டம்ளர்களை வரிசையாக வைத்துச் சில நொடிகளில் எடுத்துவிடுங்கள். ஒன்றில் மூன்று துளி இருக்கும், அடுத்ததில் ஆறு, இன்னொன்றில் ஒன்றுகூட இராது. எல்லாம் ஒரே முற்றம்தான், ஒரே தூறல்தான். ஆயினும் டம்ளருக்கு டம்ளர் வேறுபாடு. அடைமழையில் ஐந்து நிமிடம் வைத்திருந்தாலோ எல்லா டம்ளரிலும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர் நிற்கும். படத்தின் இரைச்சலும் இதுவேதான். வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒரே நிறமுடைய இறகிலிருந்து வந்த ஒளிகூடப் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வேறு வேறு எண்ணிக்கையில் விழுகிறது. அந்த வேறுபாடே நம் கண்ணுக்கு மணலாகத் தெரிகிறது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவிக்கே விளங்கும். சராசரியாக 100 துளி விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100இன் வர்க்கமூலம், அதாவது 10. பத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். 10,000 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100; நூற்றில் ஒரு பங்குதான். ஆகவே இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் வெளிச்சம் இரு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். இந்த நான்கு மடங்கை நினைவில் வையுங்கள். மேலே இது பல இடங்களில் வரும்.

இப்போது டெலிஃபோட்டோ லென்ஸ். தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் இந்த நீண்ட லென்ஸுக்கு இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்றார். இதன் குவிய நீளத்தை மில்லிமீட்டரில் சொல்வர். 400 மி.மீ. லென்ஸ் என்றால் என்ன செய்யும்? ஊதாத் தேன்சிட்டின் நீளம் சுமார் 10 செ.மீ. அது 10 மீட்டர் தொலைவில் அமர்ந்திருந்தால், 400 மி.மீ. லென்ஸ் அதன் உருவை உணர்தகட்டில் 4 மி.மீ. நீளத்திற்கு விழச் செய்யும். முழு அளவுத் தகடு 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அவ்வளவு பெரிய களத்தில் நம் தேன்சிட்டு 4 மி.மீ.தான்! அவ்வளவு பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு போயும் படத்தில் பறவை சிறிதாயிருக்கிறதே என்று வருந்துவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் 800 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டால்? உரு 8 மி.மீ. ஆகும், உண்மைதான். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். லென்ஸின் மேல் 'எஃப் 5.6', 'எஃப் 11' என்று ஓர் எண் எழுதியிருக்கும். குவிய நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது லென்ஸின் வாய் அகலம். 400ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 71 மி.மீ.; 800ஐ 11ஆல் வகுத்தால் ஏறக்குறைய 73 மி.மீ. இரண்டிற்கும் வாய் அகலம் ஒன்றே! மழையில் வைத்த பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் சேரும் என்பதைப் பாத்திரத்தின் உயரமா தீர்மானிக்கிறது? வாய் அகலமன்றோ தீர்மானிக்கிறது? செம்பில் சேர்வது செம்பளவு. அண்டாவில் சேர்வது அண்டா அளவு. பறவையிடமிருந்து இந்த இரண்டு லென்ஸுகளும் வாங்கிக்கொள்ளும் ஒளி ஏறக்குறைய ஒரே அளவுதான். 800 மி.மீ. லென்ஸ் அதை நான்கு மடங்கு பரப்பில் விரித்துவிடுகிறது. மோரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதைப் போன்றது இது. டம்ளர் நிறையும், ருசி நிறையாது.

கைப்பேசியின் நிலை என்ன என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதன் லென்ஸ் வாய் ஐந்து மி.மீ. அளவில் இருக்கும். 71 மி.மீ. வாயோடு ஒப்பிட்டால் பரப்பில் ஏறக்குறைய 200 மடங்கு வேறுபாடு. கைப்பேசி பழுதான கருவியன்று. குடும்பப் படத்திற்கு அது போதும். தொலைவிலிருக்கும் சிட்டுக்கு அது செம்புகூட அன்று, கரண்டி.

வாயகன்ற லென்ஸ் வாங்கலாம். ஆனால் கண்ணாடி பெருகப் பெருக விலையும் எடையும் ஏறும். 600 மி.மீ., எஃப் 4 லென்ஸின் விலை பல லட்சம் ரூபாய். பெற்றோர் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். பள்ளி மாணவிக்கு அது தேவையே இல்லை. முதலில் ஒரு பைனாகுலர் வாங்கித் தந்து பறவைகளை அடையாளம் காணப் பழக்குவதே நல்லது என்பது என் கருத்து. அதன் பின்னும் ஆர்வம் குறையாவிட்டால், பிறர் பயன்படுத்திய நடுத்தர லென்ஸ் ஒன்று போதும். ஏனெனில் ஒளியைப் பெருக்கப் பணம் செலவில்லாத வழிகள் இன்னும் மூன்று உண்டு: நேரம், வெயில், நெருக்கம்.

காமிராவின் கதவு திறந்திருக்கும் நேரத்தை 'ஷட்டர் வேகம்' என்பர். பறவைகள் ஓரிடத்தில் நில்லாதவை. ஆகவே வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பறக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று கதவைச் சட்டென்று மூடிவிடுவர். அது சரியே. ஆனால் எல்லாப் பறவைக்கும் எந்நேரமும் அது தேவையா? மீனுக்குக் காத்து நிற்கும் மடையானைப் பாருங்கள். சிலையும் தோற்கும்! அதற்கு 200இல் ஒரு பங்கு போதும். 800இல் ஒரு பங்கிலிருந்து 200இல் ஒரு பங்கிற்கு இறங்கினால் ஒளி நான்கு மடங்கு, இரைச்சல் பாதி. ஆனால் அந்த நேரத்தில் நம் கை நடுங்கக் கூடாது. இன்றைய லென்ஸுகள் பலவற்றில் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பு உண்டு. அதைவிட எளிய கருவி ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் பை ஒன்றில் ஒரு கிலோ அரிசியோ கொண்டைக்கடலையோ போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். அதை மதில்மேல் வைத்து, லென்ஸை அதன்மேல் பதித்தால் அசையாது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இவ்வமைப்புகள் நம் கைநடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் அசைவைத் தடுக்கா. ஆகவே மெதுவான வேகத்தில் எடுக்கும்போது பத்து, இருபது படம் எடுத்து, அசையாத ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இருட்டில் ஐயம் வந்தால் வேகத்தையே நாடுங்கள். மணல் விழுந்த படத்திலும் பறவை இருக்கும். கலங்கிய படத்தில் அது இராது.

ஐ.எஸ்.ஓ. என்றோர் எண்ணும் உண்டு. இதைப் பற்றிய தவறான எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. 'ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் இரைச்சல் வரும். ஆகவே கூட்டாதே' என்பர். வானொலியில் ஓசையைக் கூட்டும் திருகு போன்றது ஐ.எஸ்.ஓ. திருகைத் திருப்பினால் பாட்டும் கூடும், 'கர்ர்' ஓசையும் கூடும்; இல்லாத இரைச்சலைத் திருகு உண்டாக்கவில்லை. நண்பகல் வெயிலில் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ், மேகமூட்டத்தில் பத்தாயிரம், அடர்ந்த மர நிழலில் ஆயிரம். வெயிலில் எஃப் 5.6, 800இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஐ.எஸ்.ஓ. 100 போதும். அதே அமைப்பிற்கு மேகத்தில் ஆயிரம் வேண்டும், மரநிழலில் பத்தாயிரம். நிழலில் இரைச்சல் தெரிவது பத்தாயிரம் என்ற எண்ணால் அன்று. ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைந்ததால். எண்ணுக்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ.வைத் தாழ்த்தி இருண்ட படமாக எடுத்து, பிறகு கணினியில் வெளுப்பாக்கினால் இரைச்சல் குறையாது. பல காமிராக்களில் கூடவும் செய்யும்.

ஃபிலிம் காலத்தில் இந்தத் திருகே கிடையாது. 1974இல் வந்த கோடாக்குரோம் 64 என்னும் வண்ண ஃபிலிம் அந்நாளில் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் வேகம் 64தான். நல்ல வெயிலிலேயே எஃப் 5.6இல் 500இல் ஒரு பங்கிற்கு மேல் போக இயலாது. வேகமான ஃபிலிம் போட்டால் வெள்ளித் துகள்கள் பருபருவென்று தெரியும். அந்நாளில் நம் நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த காமிரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்.

இரண்டாவது வழி வெயில். இதற்கும் அடுத்த வழிக்கும் சேர்த்து ஓர் ஊருக்குப் போவோம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் 1994 முதல் பறவைகள் சரணாலயம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த ஆண்டுகளில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து, குளத்து மரங்களில் மட்டுமன்றி ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். எச்சமும் மீன்நாற்றமும் வீட்டு வாசலிலேயே! ஆயினும் பறவைகள் வருவதை நல்ல சகுனமாகக் கருதி ஊரார் அவற்றைக் காக்கின்றனர். குளத்தில் கூழைக்கடா, நீர்க்காகம், நெடுங்கால் உள்ளான், குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எனப் பலவும் உண்டு.

அங்கே பேருந்தில் போய் இறங்குவோர் பலரும் பதினொரு மணிக்கு இறங்குகின்றனர். வெயில் இருக்கிறதே, ஒளிக்குக் குறைவில்லையே என்று தோன்றும். ஆனால் அப்போது தரை காய்ந்து காற்று நெளியத் தொடங்கிவிடும். தார்ச்சாலைமேல் நண்பகலில் நெளியும் கானலைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நீண்ட லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். எவ்வளவு விலையுள்ள லென்ஸாயினும் இறகு தெளியாது. அன்றியும் உச்சிவெயில் முதுகில் விழும். முகமும் வயிறும் நிழலில் கிடக்கும். இரைச்சல் குடியிருப்பது நிழலில்தான். ஆகவே சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்பது மணிவரை உள்ள நேரமே பொற்காலம். சூரியனை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். சாய்ந்த ஒளி பறவையின் முகத்தில் நேராக விழும். கண்ணில் ஒரு சிறு மின்னலும் கிடைக்கும். தேன்சிட்டின் ஆணுக்கு இது இன்னும் முக்கியம். அதன் ஊதா மினுக்கம் சாயத்தால் வந்ததன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. நிழலில் அது வெறும் கறுப்புக் குருவிதான். கிளை மாறி வெயிலுக்கு வரும்வரை காத்திருப்பதே வழி.

வெள்ளைப் பறவையும் கறுப்புப் பறவையும் காமிராவைக் குழப்புபவை. உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு காமிரா ஒளியை அளக்கிறது. கருநிற நீரின் முன் சிறிதாக நிற்கும் வெண்கொக்கு படத்தில் வெளுத்துப்போய் இறகே தெரியாமற் போகும். அப்போது ஒளியளவைச் சிறிது குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தின் முன் அமர்ந்த கரிச்சானோ நீர்க்காகமோ கரிக்கட்டையாகும். அப்போது கூட்ட வேண்டும். வெளுத்துப்போன இறகை எவராலும் மீட்க இயலாது. கறுத்துப்போனதை மீட்கலாம், ஆனால் மணலோடுதான் வரும். ஆகவே வெளுக்காத எல்லைவரை ஒளியைக் கூட்டி எடுப்பதே முறை. படத்தை 'ரா' என்னும் பதப்படுத்தாத கோப்பாகச் சேமித்தால் பிற்பாடு திருத்த இடமிருக்கும்.

மூன்றாவது வழிதான் எல்லாவற்றிலும் பெரியது, நெருக்கம். பத்து மீட்டரிலிருந்த தேன்சிட்டு ஐந்து மீட்டருக்கு வந்தால் அதன் உரு நீளத்தில் இரு மடங்கு, பரப்பில் நான்கு மடங்கு. அதன் உடலிலிருந்து நம் லென்ஸுக்குள் புகும் ஒளியும் நான்கு மடங்கு. இரைச்சல் பாதி! ஐ.எஸ்.ஓ.வைத் தொடவில்லை, ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. மாறாக, தொலைவிலிருந்தே எடுத்துப் பறவை இருக்கும் மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவோர் தகடு சேர்த்த ஒளியில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிடுகின்றனர். பிறகு இரைச்சல் இரைச்சல் என்று காமிராவைக் குறை கூறுகின்றனர்.

ஆனால் நாம் பறவையிடம் போவதா, பறவை நம்மிடம் வருவதா என்பதே கேள்வி. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1900இல் ஒரு காளைமாட்டின் தோலைப் பதப்படுத்தி உள்ளே கூடாகச் செய்து, அதற்குள் காமிராவோடு புகுந்துகொண்டு வயல்வெளியில் நின்றனர். மாடு நிற்கிறது என்று பறவைகள் அஞ்சாமல் அருகில் வந்தன. நமக்கு மாடு வேண்டாம். நின்றிருக்கும் காருக்கும் வண்டிக்கும் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. இறங்காமல் ஜன்னல் வழியே எடுக்கலாம். இன்னும் எளிது, பள்ளித் தோட்டத்தில் காலை வெயில் படும் இடமாகப் பார்த்து ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுவது. நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். சில நாட்களில் கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் வரும். ஐந்து மீட்டர் தள்ளி ஒரு நாற்காலி போட்டு, அசையாமல் அமருங்கள். நடுநிலைப் பள்ளிச் சிறுமியருக்கு அசையாமல் அமர்வதே கடினமான பாடம் என்பதை ஆசிரியைகள் அறிவர்!

நெருக்கம் தவறாகவும் போகும். கூடும் குஞ்சும் உள்ள இடத்தில் பறவை எளிதில் அகலாது. ஆகவே அங்கே படம் எளிது என்று சிலர் நினைக்கின்றனர். கூந்தன்குளத்தில் வெயில் ஏறியதும் தாய்நாரையோ தந்தைநாரையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்து நிற்பதைக் காணலாம். மரத்தின் கீழே அமைதியாக நடந்து போகும் ஊர்மக்களை அவை பொருட்படுத்துவதில்லை. ஆனால் 'பறக்கும் படம்' வேண்டும் என்று கைதட்டிக் கிளப்பினால் குடை போய்விடும். மேலே வெயில், பக்கத்துக் கிளையில் காகம், வட்டமிடும் பருந்து. பெரியவை திரும்பி வரும் சில நிமிடத்தில் முட்டையோ குஞ்சோ இராது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. துப்பாக்கியால் மட்டுமன்று, காமிராவாலும் வேட்டையாட இயலும்! ஆகவே கூடுள்ள இடத்தில் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு தொலைவிலேயே நில்லுங்கள். அங்கே மணல் விழுந்த படம்தான் நியாயமான படம்.

மணல் விழுந்த படத்திற்கும் மதிப்பு உண்டு என்பதற்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். எம்மா டர்னர் 1867இல் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 1900இல் ரிச்சர்டு கியர்ட்டனைச் சந்தித்த பிறகு பறவைப் படத்துறையில் இறங்கினார். நார்ஃபோக் பகுதியின் நீர்நிலைகளில் ஒரு படகுவீட்டில் தங்கி, நாணற் காட்டில் சேற்றில் நின்று படமெடுத்தார். அந்நாளில் பிட்டர்ன் என்னும் நாணற்கொக்கு பிரிட்டனில் இனப்பெருக்கம் செய்யாமல் அற்றுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1911இல் அவரும் ஒரு காவலரும் நாணலுக்குள் அதன் குஞ்சைக் கண்டுபிடித்தனர். அலகை வானோக்கி நிமிர்த்தி, நாணலோடு நாணலாக அது நின்ற நிலையை எம்மா படமெடுத்தார். அப்பறவை மீண்டும் அங்கே குடும்பம் நடத்துகிறது என்பதற்கு அதுவே முதற் சான்று. அழகிலும் தெளிவிலும் இன்றைய கைப்பேசிப் படங்கள் அதை வென்றுவிடும். ஆனால் அந்தப் படத்தில் இருந்தது, அன்று அந்த இடத்தில் நின்ற பறவையிலிருந்து வந்த ஒளி மட்டுமே.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எல்லாம் செய்தும் எஞ்சிய இரைச்சலைக் கணினியில் துடைக்கலாம். பழைய முறைகள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்து மெழுகும். மணலோடு இறகின் கோடுகளும் மெழுகிப் போய்ப் பறவை பிளாஸ்டிக் பொம்மையாகும். அண்மை ஆண்டுகளில் செயற்கை அறிவு கொண்டு துடைக்கும் முறைகள் வந்துள்ளன. 2023இல் அடோபி நிறுவனத்தின் லைட்ரூமிலும் அது சேர்ந்தது. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய இம்மென்பொருள்கள் மணலுக்கடியில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. வியக்கத்தக்க அளவில் நன்றாகவே வரைகின்றன. நானும் குறை கூறவில்லை. வரவேற்பறையில் மாட்டும் படத்திற்கு அது போதும். ஆனால் ஊகம் ஊகம்தான். கதிர்க்குருவி இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மேலுள்ள வெளிறிய கோடு எவ்வளவு நீளம், கால் என்ன நிறம் என்பனபோன்ற சின்னஞ்சிறு அடையாளங்களால்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறோம். ஒளி சொல்லாத அக்கோட்டை மென்பொருள் வரைந்துவிட்டால், வராத பறவை நம் ஊருக்கு வந்ததாகப் பதிவாகிவிடும்.

ஊகமில்லாமல் துடைக்கும் முறை ஒன்றும் உண்டு. பகலில் மரப்பொந்தின் வாயில் அசையாது அமர்ந்திருக்கும் புள்ளி ஆந்தையை ஒரே நிலையில் 16 படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும். 16இன் வர்க்கமூலம் 4 அல்லவா? முன் சொன்ன டம்ளர்க் கணக்கேதான் இது. ஆந்தை கண் சிமிட்டாதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து, 'ஈ-பேர்டு' என்னும் உலகப் பறவைப் பதிவேட்டில் சேர்க்கின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எழுதினாலே போதும். மாணவியர் தாராளமாகப் பங்கு கொள்ளலாம். ஐயமான பறவைக்குப் படமும் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது துடைத்து அழகாக்கிய படத்தோடு, மணல் விழுந்த மூலப்படத்தையும் கூடவே அனுப்புங்கள். தேதி, நேரம், இடம், பறவை எவ்வளவு தொலைவிலிருந்தது என்பவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மூலக்கோப்பை மட்டும் அழித்துவிட வேண்டாம்.